அறுபது கேள்விகளும் ஒரு பில் நம்பரும்: ஒரு வேலை மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

வேலை மாற நினைப்பவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் தொழில். கரியர் கவுன்சிலிங் என்று சொல்கிறோமே, அது. சோதனைகளை நானும் பயன்படுத்துகிறேன், இன்னும் பயன்படுத்துவேன். இந்த ஒரு நிகழ்வை முழுசாக எழுதி வைக்க ஒரு காரணம் உண்டு. இதில் ஒரு சோதனை அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே வழி காட்டியது, அதே சோதனை அவருக்குக் கெடுதலும் செய்தது, இரண்டுமே என் கையால் நடந்தன. அவர் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அப்போது அவருக்கு 28 வயது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மருத்துவ க்ளெய்ம்களைச் சரிபார்க்கும் பிரிவில் ஆறு வருடமாக வேலை. ஒவ்வொரு ஃபைலிலும் மருத்துவமனை பில், டிஸ்சார்ஜ் சம்மரி, பாலிசி விதிகள் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் பாஸ் பண்ண வேண்டும், இல்லையென்றால் கேள்வி எழுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு 45 ஃபைல் டார்கெட். மாதக் கடைசியில் அது இன்னும் ஏறும்.

என்னிடம் வரும்போதே முடிவோடுதான் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இரண்டு பிரிண்ட் அவுட். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பதினாறு ஆளுமை வகைச் சோதனை ஒன்றை எழுதியிருந்தார். நீங்கள் அரிதான வகை, மற்றவர்களின் வலியை உணர்பவர், ஆலோசகராகவோ ஆசிரியராகவோ எழுத்தாளராகவோ இருக்கப் பிறந்தவர் என்று அதில் இருந்தது. "கவுன்சிலர்" என்ற வார்த்தைக்கு அடியில் பேனாவால் இரண்டு கோடு. வேலையை விட்டுவிட்டு உளவியல் ஆலோசனையில் இரண்டு வருட முதுகலைப் படிப்பில் சேர விண்ணப்பமும் போட்டிருந்தார். கையிருப்புச் சேமிப்பு எட்டு மாதத்துக்குத் தாங்கும்.

அண்ணன் குடும்பத்தோடு வசிக்கிறார், வீட்டுச் செலவில் பாதி இவருடையது. அண்ணனுக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. "நீங்க ஒரு நல்ல டெஸ்ட் வெச்சு, இதுதான் எனக்குச் சரின்னு ஒரு ரிப்போர்ட் குடுத்தீங்கன்னா, அண்ணன்கிட்ட காட்டிடுவேன் மேடம்" என்றார். வந்த காரணம் அதுதான். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு சான்றிதழ். அந்த நிமிடமே இதை வாய்விட்டுப் பேசியிருக்க வேண்டும். நான் பேசவில்லை.

முதல் சந்திப்பில் கவனித்தது

மெலிந்திருந்தார், கண்ணுக்குக் கீழே கருமை. தூக்கம் எப்படி என்று கேட்டதற்கு நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் வருவதில்லை என்றார். ஞாயிறு சாயங்காலமே வயிற்றைப் பிசைகிறதாம். வேலையைப் பற்றிப் பேசும்போது ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது: "நான் மெஷின் மாதிரி ஆயிட்டேன்." இதையெல்லாம் குறிப்பில் எழுதி வைத்தேன். எழுதி வைத்ததோடு சரி.

பிரிண்ட் அவுட் இரண்டையும் பார்த்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மூன்று வார இடைவெளியில் ஒரே சோதனையை இரண்டு முறை எழுதியிருக்கிறார், இரண்டு முறையும் வேறு வேறு வகை வந்திருக்கிறது, ஒவ்வொரு வகைக்கும் இந்தச் சோதனை நாலு ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வைக்கும், அதில் ஓர் எழுத்து மாறியிருந்தது. பிடித்திருந்த ரிப்போர்ட்டை மேலே வைத்து மற்றதை அடியில் சொருகியிருந்தார். இதில் அவர் தப்பு எதுவும் இல்லை. இந்த வகைச் சோதனைகளின் அமைப்பே அப்படி. உளவியலாளர் கார்ல் யுங் 1921-ல் வெளியிட்ட ஆளுமை வகைக் கருத்துகளிலிருந்து வளர்ந்த முறை இது, மனிதர்களை ஒவ்வோர் அளவிலும் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. நம்மில் நிறையப் பேர் நடுவாந்திரத்தில்தான் இருக்கிறோம், அதனால் ஒன்றிரண்டு பதில் மாறினாலே எழுத்து மாறிவிடும். இவற்றில் பெயர்பெற்ற மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையை வெளியிடுபவர்களே, ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள்.

இதை விளக்கிச் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதே தளத்திலிருந்து வேறு மூன்று வகைகளுக்கான விவரணையில் ஒவ்வொரு பத்தியை எடுத்து, தலைப்பை மறைத்து, உங்களுக்குப் பொருந்துவதை டிக் பண்ணுங்கள் என்று கொடுத்தேன். மூன்றையும் டிக் பண்ணினார். 1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஆளுமைச் சோதனை வைத்து, முடிவு என்று எல்லோருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "அப்போ நான் கவுன்சிலர் ஆக முடியாதா?" என்று கேட்டார். அந்த ரிப்போர்ட்டை வைத்து ஆகலாம் என்றும் சொல்ல முடியாது, முடியாது என்றும் சொல்ல முடியாது என்றேன். சரியான பதில்தான், ஆனால் பிடித்து நடந்துகொண்டிருந்த கயிறு அறுந்த மாதிரி உட்கார்ந்திருந்த ஒருவருக்கு அது போதாது. அதனால்தான் அடுத்த காரியத்தில் அவசரப்பட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

சோதனையைத் தேர்ந்தெடுத்ததும் எழுதியதும்

நான் எடுத்தது ஓ-நெட் இன்ட்ரஸ்ட் ப்ரொஃபைலர். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் இலவச ஆர்வச் சோதனை. இதன் சுருக்க வடிவத்தில் 60 கேள்விகள், ஒவ்வொன்றும் ஒரு வேலைச் செயல். சம்பளத்தையும் படிப்பையும் மறந்துவிட்டு, அந்தச் செயலைச் செய்யப் பிடிக்குமா என்று மட்டும் ஐந்து படிகளில் சொல்ல வேண்டும். உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959-ல் முன்வைத்த கோட்பாட்டை ஒட்டி ஆறு வகை ஆர்வங்களுக்குத் தனித்தனியாக மதிப்பெண் வரும்: கருவி, பொருள்களோடு கைவேலை; ஆராய்ச்சி; கலை; மக்களுக்குக் கற்பிப்பது, உதவுவது; முன்னின்று நடத்துவது, விற்பது; கடைசியாக ஒழுங்குமுறையான பதிவு, கணக்கு வேலை. ஒவ்வொன்றும் 40-க்கு.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், ஆளை ஒரு பெட்டிக்குள் போடாமல் ஆறிலும் எவ்வளவு என்று காட்டுகிறது. கேள்விகளும் அன்றாடச் செயல்களாக இருப்பதால் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வசதி. ஒன்றை மறக்கக் கூடாது, இது பிடிக்குமா என்பதை மட்டுமே அளக்கிறது. வருமா, செய்ய முடியுமா என்பதை அளப்பதே இல்லை. அவரிடம் இதைச் சொன்னேன்.

வீட்டிலிருந்து எழுதி அனுப்பச் சொன்னேன். அவர் எழுதியது ஒரு மாதக் கடைசி, இரவு பத்தரை மணி, 58 ஃபைல் முடித்துவிட்டு வந்த நாள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முடிவு இப்படி வந்தது: மக்கள் 28, ஆராய்ச்சி 21, கலை 20, நடத்துவது 12, ஒழுங்குமுறை 9, கைவேலை 6.

என் தவறு

அந்த முடிவை, அதோடு வரும் வேலைப் பட்டியலோடு சேர்த்து, நேரில் பேசுவதற்கு முன்பே அவருக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். நாலு நாள் கழித்துத்தான் சந்திப்பு, அதுவரை காத்திருக்க வேண்டாமே என்ற எண்ணம். பட்டியலின் மேல் வரிசையிலேயே ஆலோசகர் பணிகள் இருந்தன.

நாலு நாளில் நடந்தது இது. அண்ணனிடம் காட்டினார், வீட்டில் பெரிய சண்டை. மறுநாள் அலுவலகத்தில் ஏதோ ஒரு கோபத்தில், "இந்த வேலைக்கும் எனக்கும் ஒத்துவராது, டெஸ்ட்லயே வந்திருக்கு, சீக்கிரம் கிளம்பிடுவேன்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். புதிதாகச் சேர்பவர்களுக்கு மாதத்தில் இரண்டு நாள் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது. போகப்போகிற ஆளுக்கு அது எதற்கு என்று அடுத்த வாரமே அந்தப் பொறுப்பை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டார்கள். அந்த அலுவலகத்தில் அவருக்குப் பிடித்திருந்த ஒரே வேலை அதுதான். எனக்கு அது அப்போது தெரியாது, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இதை மழுப்பிச் சொல்ல விருப்பமில்லை. ஆறு எண்களையும் ஒரு பட்டியலையும் விளக்கம் இல்லாமல், களைத்துப்போயிருந்த ஒரு மனிதரின் கையில் கொடுத்தேன், அவருக்கு இழப்பு வந்தது. 2000-ல் ஸ்டீவன் பிரவுனும் நான்சி ரயன் கிரேனும் தொழில்தேர்வு ஆலோசனை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலன் தருவதாகத் தெரிந்த ஐந்து அம்சங்களில் ஒன்று, முடிவை அந்த ஆளுக்கென்று உட்கார்ந்து விளக்குவது. மற்றவை எழுத்துப் பயிற்சி, வேலைகளைப் பற்றிய தகவல், அந்த வழியில் போனவர்களைக் காட்டுவது, சுற்றி இருப்பவர்களின் ஆதரவைத் திரட்டுவது. இதை நானே பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ஆராய்ச்சிக்கு 21 வந்ததை நான் கண்டுகொள்ளவே இல்லை. கவுன்சிலர் ஆக வேண்டும் என்று வந்தவருக்கு மக்கள் பிரிவில் 28 வந்ததும் என் மனசும் சரி, பொருந்துகிறது என்று நின்றுவிட்டது.

ஒவ்வொரு கேள்வியாக

இரண்டாவது சந்திப்பில் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு 60 கேள்விகளையும் அவருடைய பதில்களோடு மேசையில் விரித்தோம். ஒன்றரை மணி நேரம் ஆனது.

மக்கள் பிரிவின் 28-ஐப் பிரித்துப் பார்த்தால் படம் வேறாக இருந்தது. உடற்பயிற்சி சொல்லித் தருவது, சைகை மொழி கற்பிப்பது, உயர்நிலைப் பள்ளி வகுப்பு எடுப்பது, தொழில் வழிகாட்டுவது என நாலுக்கும் "மிகவும் பிடிக்கும்". ஆனால் குழுவாக மனநல சிகிச்சை அமர்வு நடத்த உதவுவதற்கு "கொஞ்சமும் பிடிக்காது". மற்றவர்களின் சொந்த, மனக் கஷ்டங்களுக்கு உதவுவதற்கு "சொல்லத் தெரியவில்லை". கவுன்சிலராகப் போகிறேன் என்று விண்ணப்பம் போட்ட ஒருவரின் பதில்கள் இவை. கற்பிப்பது, உதவுவது, ஆற்றுவது மூன்றும் ஒரே தலைப்பின் கீழ் கூட்டப்படுவதால், மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

"இதை ஏன் பிடிக்காதுன்னு போட்டீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்துப் பேரு அழுதுட்டு இருந்தா நான் என்ன பண்ணுவேன்னு தோணுச்சு" என்றார்.

ஆராய்ச்சிப் பிரிவில் கோள்களின் நகர்வு, வேதியியல் சோதனை எல்லாம் சுமாராகத்தான் போட்டிருந்தார். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் "மிகவும் பிடிக்கும்" என்பதில் அழுத்தமான குறி: தீ விபத்துக்கான காரணத்தைக் கண்டுபிடிப்பது. நான் கேட்கவே இல்லை, அவராகவே பேச ஆரம்பித்தார்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு ஃபைல். மருந்துக் கடை பில்கள் ஏழெட்டு. தொகை சரி, மருந்து சரி, முத்திரை சரி, பாஸ் பண்ணிவிட்டு அடுத்ததுக்குப் போயிருக்கலாம். ஆனால் பன்னிரண்டாம் தேதி பில்லின் நம்பர், ஒன்பதாம் தேதி பில்லின் நம்பரைவிடச் சின்னதாக இருந்திருக்கிறது. அது ஏன் என்று மனசு விடவில்லை. அதே கடையின் பில்கள் வந்த பழைய ஃபைல்களைத் தேடி எடுத்து, நம்பரையும் தேதியையும் ஒரு தாளில் வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒரு முழு பில் புத்தகத்தையே பின்தேதி போட்டு எழுதியிருப்பது தெரிந்திருக்கிறது. நாலு க்ளெய்ம்கள் ஒன்றாக மாட்டின. அதற்கு அவருக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. அன்று முடித்த ஃபைல் 31 தான். டார்கெட் வரவில்லை என்று சாயங்காலம் திட்டு வாங்கியிருக்கிறார்.

இதைச் சொல்லும்போது மேசை மேல் இருந்த என் பென்சிலை எடுத்து, காகித ஓரத்தில் தேதியும் நம்பருமாக எழுதிக் காட்டினார். முதல் சந்திப்பில் நான் பார்த்த முகம் இல்லை அது. மெஷின் மாதிரி என்று சொன்னவர், இரண்டு வருடத்துக்கு முந்தைய பில் நம்பரை இன்னும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

இந்தச் சோதனை தந்ததில் எனக்கு மதிப்புள்ளதாகத் தெரிவது இந்தக் கதை வெளியே வந்ததுதான். "உங்களுக்கு வேலையில் என்ன பிடிக்கும்?" என்று நான் நேரடியாகக் கேட்டபோது "ஒண்ணுமே இல்லை" என்றுதான் சொல்லியிருந்தார். தீ விபத்தைப் பற்றிய ஒரு கேள்விக்குப் போட்ட குறிதான் பேச வைத்தது.

ஒழுங்குமுறை 9 என்பது எதைக் காட்டியது

பதிவேடுகளைச் சரிபார்ப்பது, சம்பளக் கணக்குப் போடுவது, இருப்புக் கணக்கு வைப்பது எல்லாவற்றுக்கும் பூஜ்யமும் ஒன்றுமாகப் போட்டிருந்தார். ஆறு வருடம் திறமையாகச் செய்த வேலை, எப்போதாவது அது பிடித்திருந்ததா என்று கேட்டேன். முதல் மூன்று வருடம் பிடித்திருந்தது என்றார். அப்போது டார்கெட் 25, இடையில் இரண்டு பேர் விலகினார்கள், அந்த இடங்களை நிரப்பவே இல்லை.

இருபதுகளின் தொடக்கத்துக்குப் பிறகு மனிதர்களின் தொழில் ஆர்வங்கள் பெரிதாக ஆடுவதில்லை, ஆளுமைக் குணங்களை விடவும் அவை நிலையானவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பிடித்திருந்த ஒன்று சில வருடத்தில் அடியோடு கசந்துவிட்டால், ஆர்வம் மாறியதா அல்லது வேலைச்சூழல் ஆளை நசுக்கிவிட்டதா என்று பார்ப்பது நல்லது. தூக்கமின்மையும் ஞாயிறு வயிற்றுக் கலக்கமும் இரண்டாவதைத்தான் காட்டின. மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது இது. அவர் பரிசோதித்துவிட்டு ஓய்வு எடுக்கச் சொன்னார். சேர்த்து வைத்திருந்த விடுப்பில் பத்து நாள் எடுத்தார்.

விடுப்பின் ஒன்பதாம் நாள், காலை நேரத்தில், என் அறையில் அதே சோதனையை மறுபடி எழுதினார். மக்கள் 27, ஆராய்ச்சி 23, ஒழுங்குமுறை 17. மற்றவை ஒன்றிரண்டு புள்ளி ஆடின, அவ்வளவுதான். 9 இருந்த இடத்தில் 17. நாலு வாரத்தில் ஒருவரின் ஆர்வம் இவ்வளவு மாறாது. முதல் தடவை வந்த 9 அவருடைய களைப்பின் அளவு என்றே எடுத்துக்கொண்டேன். இது ஒரே ஒருவரின் இரண்டு அளவீடுகள், முன்னால் எழுதியது ஞாபகம் இருந்தும் பதில் மாறியிருக்கலாம், அதனால் இதற்கு மேல் நான் எதையும் ஏற்றிச் சொல்ல மாட்டேன்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அன்றே மூன்று விஷயம் பேசி முடித்தோம்.

முதலாவது, மூன்று மாதத்துக்கு ராஜினாமா இல்லை. படிப்புக்கான சேர்க்கைக் கடைசித் தேதி வரை அவகாசம் இருந்தது, அதனால் எதுவும் கைவிட்டுப் போகாது. இதை அவரே அண்ணனிடம் சொன்னார். வீட்டில் சூடு தணிந்தது.

இரண்டாவது, ஊகங்களை நேரில் போய்ப் பார்ப்பது. இப்போது ஊகங்கள் மூன்று: ஆலோசகர், பயிற்சியாளர், புலனாய்வாளர். கடைசியாகச் சொன்னது க்ளெய்ம் மோசடிகளை விசாரிக்கும் பிரிவு. அவருடைய நிறுவனத்திலேயே அப்படி ஒரு சின்னப் பிரிவு இருந்தது, ஐந்து பேர், வேறு மாடி. ஆறு வருடத்தில் அங்கே போனதே இல்லையாம். ஒவ்வொரு வேலையிலும் இருக்கும் ஒருவரிடமாவது பேச வேண்டும், உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று பொதுவாகக் கேட்காமல், நேற்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. இந்தக் கேள்வியை நான் எல்லோருக்கும் சொல்லித் தருகிறேன். பொதுவாகக் கேட்டால் ஜனங்கள் பெருமையைச் சொல்வார்கள் அல்லது புலம்புவார்கள், நேற்று என்று கேட்டால்தான் வேலை கண்முன்னால் வரும்.

மூன்றாவது, அட்டைகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தும் ஒரு பயிற்சி. இருபது அட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை மதிப்பு: நிலையான வருமானம், தனியாகத் தீர்மானிக்கும் உரிமை, பாராட்டு, பயணம், ஒரே இடத்தில் இருப்பது, இப்படி. ஆர்வம் ஒன்று, வேலையிலிருந்து என்ன வேண்டும் என்பது வேறொன்று. முதல் ஐந்தில் அவர் வைத்தவற்றில் நிலையான வருமானம் இரண்டாவது இடம். எட்டு மாதச் சேமிப்போடு இரண்டு வருடப் படிப்புக்கு அது ஒத்துப்போகாது என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு அவரே சிரித்தார்.

பிறகு நடந்தது

ஆலோசகரிடம் பேசிவிட்டு வந்தபோதும் அவருக்கு ஆசை குறையவில்லை. தொலைபேசியில் மனக்கஷ்டங்களைக் கேட்கும் ஒரு தன்னார்வச் சேவையின் பயிற்சிக்கு நாலு சனிக்கிழமை போனார். பயிற்சியில் ஒருவர் கஷ்டத்தைச் சொல்வதுபோல் நடிப்பார், இன்னொருவர் கேட்பார். இரண்டாவது சனிக்கிழமை முடிந்து என்னிடம் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அவங்க சொல்லச் சொல்ல, நான் மனசுக்குள்ள தேதியெல்லாம் கோத்துப் பார்த்துட்டு இருந்தேன் மேடம். அம்மா போனது அந்த வருஷம்னா, இது எப்படி அதுக்கு முன்னாடி நடந்திருக்கும்னு. அவங்க அழுததையே நான் கவனிக்கலை."

நாலு வாரமும் முடித்தார், நடுவில் விடவில்லை. பயிற்சி முடிந்த பிறகு முதுகலை விண்ணப்பத்தை அவராகவே திரும்பப் பெற்றார். நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, இதைப் பதிவு செய்வது எனக்கு முக்கியம். அவர் வருத்தப்பட்டார், கொஞ்ச நாள் ரொம்பவே. நாம் நல்ல மனசுக்காரர் இல்லையோ என்றுகூட நினைத்தாராம். உதவ நினைக்கிற மனசுக்கும், அழுகிறவர் பக்கத்தில் எட்டு மணி நேரம் உட்காரும் வேலைக்கும் இருக்கிற தூரத்தைப் பற்றி ஒரு முழு சந்திப்பு பேசினோம்.

புலனாய்வுப் பிரிவில் ஒருவரோடு மதிய இடைவேளைகளில் மூன்று முறை பேசினார். பில் நம்பர் கதையைச் சொன்னதும் அவர், "அந்த ஃபைல் உங்களோடதா?" என்று கேட்டிருக்கிறார். அது அங்கே தெரிந்த கதையாக இருந்திருக்கிறது, யார் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மாற்றல் கேட்டு எழுதினார், மறுத்துவிட்டார்கள். போகப்போகிறேன் என்று சொன்னவர்தானே என்ற பேச்சும் அதில் இருந்தது. என் மெயிலின் நீட்சி அது. பயிற்சிப் பொறுப்பைத் திரும்பப் பெறவே நாலு மாதம் ஆனது. ஏழாவது மாதம் மறுபடி எழுதினார், இந்த முறை தான் சந்தேகப்பட்டு எழுப்பிய ஒன்பது க்ளெய்ம்களை ஒரு பக்கத்தில் சுருக்கி இணைத்து. ஒரு வருடத்துக்குத் தற்காலிகமாக அனுப்பினார்கள். சம்பளம் அதேதான்.

எட்டு மாதத்துக்குப் பிறகு

அங்கே போய் எட்டு மாதம் ஆனதும் சந்தித்தோம். தூக்கம் பரவாயில்லை. பிடித்திருக்கிறதா என்று கேட்டால் உடனே தலையாட்டுகிறார். ஆனால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்று எழுதினால் பொய்யாகிவிடும். மாதத்தில் ஆறேழு நாள் பயணம், அது அவர் முதல் ஐந்து அட்டைக்குள் இல்லாதது. சில சமயம் பொய் க்ளெய்ம் போட்டவர் உண்மையிலேயே கடனில் மூழ்கியவராக இருப்பார், எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டும், அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது என்கிறார். அறிக்கை எழுதுவது அவருக்கு வரவில்லை, இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆர்வச் சோதனை இதைச் சொல்லாது, சொல்லவும் முடியாது. எழுத்துத் திறனுக்கு அவர் தன் பழைய அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் முதலிலேயே பார்த்திருக்கலாம், நான் கேட்கவில்லை.

அடுத்த முறை என்ன மாற்றுவேன்

நான் ஏற்கெனவே மாற்றிவிட்டது ஒன்று. எந்தச் சோதனை முடிவையும் ஆள் எதிரே இல்லாமல் அனுப்புவதில்லை. வேலைப் பட்டியலைக் கடைசியில்தான் காட்டுகிறேன், அதுவும் கேள்வி கேள்வியாகப் பேசி முடித்த பிறகு. அவசரமாகக் கேட்பவர்களுக்கும் இதேதான்.

தூக்கம், பசி, ஞாயிறு மனநிலை மூன்றையும் சோதனைக்கு முன்பே கேட்கிறேன். பதில் சரியில்லை என்றால் சோதனையைத் தள்ளிப்போடுகிறேன். களைத்த மனசு எல்லாவற்றுக்கும் பிடிக்காது என்றுதான் போடும், எல்லாமே தாழ்ந்து வந்திருக்கும் தாளை வைத்து யாருக்கும் எதையும் சொல்ல முடியாது.

வருபவர் ஏற்கெனவே ஒரு பதிலோடு வந்திருந்தால், அந்தப் பதிலுக்கு எதிரான சான்று தாளில் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுகிறேன். 21-ஐத் தவறவிட்டது இன்னும் உறுத்துகிறது. இதற்கு ஒரு சின்னப் பழக்கம் வைத்திருக்கிறேன்: இரண்டாவது இடத்தில் இருக்கும் பிரிவிலிருந்து பேச்சை ஆரம்பிப்பது.

திறமைக்கும் ஏதாவது ஒரு சான்று கேட்கிறேன். தனிச் சோதனை வேண்டும் என்றில்லை, செய்து முடித்த வேலையின் ஒரு மாதிரி போதும்.

சான்றிதழ் வாங்க வருபவர்கள் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் தெளிவான வழி கிடைக்கவில்லை. வீட்டில் காட்ட ஒரு தாள் வேண்டும் என்ற தேவை நிஜமானது, அதைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. இப்போதைக்கு, வீட்டில் யாரிடம் காட்டப் போகிறீர்களோ அவரை ஒரு சந்திப்புக்கு அழைத்து வாருங்கள் என்று சொல்லிப் பார்க்கிறேன். இவருடைய அண்ணன் அப்படி ஒரு நாள் வந்தார், தங்கை மெலிந்ததைத் தானும் கவனித்ததாகச் சொன்னார், அதைத் தங்கையிடம் அதுவரை சொன்னதே இல்லையாம்.

அவருடைய தற்காலிக மாற்றல் முடிய இன்னும் நாலு மாதம் இருக்கிறது. நிரந்தரமாக்குவார்களா என்று தெரியவில்லை. அறிக்கை எழுதப் பழகுவதற்காக, தினமும் ஒரு ஃபைலை அரைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். போன வாரம் அதில் 40 பக்கம் ஆகியிருந்தது.